அணுவினுள்ளே வழி திறந்தவர்: பேராசிரியர் ஏர்ணெஸ்ற் லோறன்ஸ்

அறிவுலகிற் பெரியோரெனப் போற்றப்படுவோர் இருதிறத்தினர். ஒரு சாரார் தனித்திருந்து சிந்தித்து இயற்கையின் மறைபொருள்களை உணர்த்துவோர். மற்றைச் சாரார் அம்மறைபொருள்களைப் பிறரும் கண்டு தெளிவதற்கு வேண்டிய கருவிகளை ஆக்கி அளிப்போர். முன்னையோரின் புகழ் நூல்களில் விளங்குகின்றது. பின்னையோரின் புகழோ அவர்தம் கருவிகளைக் கையாண்டு பிறர் அடையும் வெற்றிகளிலே கலந்து கிடக்கின்றது. இருபதாம் நூற்றாண்டிற் பின்னைய சாராருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கப் பேராசிரியர் ஏர்ணெஸ்ற் ஓர்லாந்தோ லோறன்ஸ் ஆவர்.

தமிழ் கற்பிக்கும் நாம் பௌதிகப் பேராசிரியர் ஒருவரின் சரிதத்தை இம்மலருக்கு எழுதப் புகுந்தது ஏனெனச் சிலர் வினவக்கூடும். நல்லாசிரியர் ஒருவரால் வழிதிருப்பப்பெற்ற மாணவன் ஒருவனின் கதை இது. அம்மாணவன் பின்னர்த் தான் ஆசிரியனாகிப் பல நூறு மாணாக்கரை ஆளாக்கிய கதையும், விரைவினால் எய்திய வெற்றியும் அவ்விரைவினாலேயே நேர்ந்த இழப்பும் அருகருகே நின்ற கதையும் இதுவே. ஒரு கலாசாலையின் மலரில் இடம்பெறுதற்கு இவற்றினும் வேறு தகுதி வேண்டுமென நாம் கருதவில்லை.

லோறன்ஸ் 1901 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8 ஆந் திகதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் டக்கோட்டா மாநிலத்திலே கன்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் நோர்வே நாட்டிலிருந்து குடியேறியவர். தந்தையாரும் தாயாரும் அவ்வூர்ப் பாடசாலையிலே கற்பித்த காலத்தில் ஒருவரையொருவர் அறிந்து மணம் புரிந்தவர். தந்தையார் பாடசாலைகளின் மேலதிகாரியாயிருந்து, பின்னர் அபர்தீன் நகரத்து ஆசிரியர் கலாசாலையின் தலைவராயினார். ஆசிரியர் குடும்பத்தில் வந்த பிள்ளைக்குச் செல்வம் பெருகியிருத்தல் அரிது. ஆயின் நூலும் நல்லொழுக்கமும் குறைவின்றி இருந்தன.

அண்டை வீட்டிலே மேர்ல் ரூவ் என்னும் சிறுவன் இருந்தான். இருவரும் ஒத்த வயதினர், இணைபிரியாத் தோழர். கம்பியும் சுருளும் தேடிச் சேர்த்து, கம்பியில்லாத் தந்திக் கருவிகளைத் தாமே அமைத்து விளையாடினர். அவ்விருவரும் பின்னாளில் அணுக்கருவை ஆராயும் பேரறிஞராய் அமெரிக்காவின் இரு கோடிகளில் விளங்குவரென அவ்வூரவர் எவரும் நினைத்திரார். இத்தோழர் பிற்காலத்தில் லோறன்சுக்குச் செய்த பேருதவி ஒன்றனை உரிய இடத்திற் கூறுவோம்.

வைத்தியராகும் எண்ணத்துடனேயே லோறன்ஸ் உயர்கல்வி கற்கச் சென்றார். விடுமுறைக் காலங்களிற் பண்ணை வீடுகள்தோறும் சென்று அலுமினியச் சமையற் பாத்திரங்களை விற்றுப் படிப்புச் செலவுக்குப் பணம் தேடினார். முன்பின் அறியாதவர் வாயிலில் நின்று, அவர் மனங்கொள்ளப் பேசிப் பொருளை வாங்கச் செய்யும் வன்மை அக்காலத்திலே அவருக்குக் கைவந்தது. பிற்காலத்திற் பெருஞ்செல்வரையும் அறநிதிச் சபைகளையும் அணுகிப் பல இலட்சம் டொலர் திரட்டுதற்கு அப்பயிற்சியே துணையாயிற்று எனலாம்.

தென் டக்கோட்டாச் சர்வகலாசாலையில் லூயிஸ் ஏக்லி என்னும் முதிய பேராசிரியர் ஒருவர் இருந்தார். வானொலிக் கருவி அமைக்க உதவி வேண்டி வந்த இளைஞனின் அறிவையும் ஆர்வத்தையும் கண்ட அவர், அவனை வைத்தியத்துக்கு விட்டுவிட மனங்கொள்ளவில்லை. விடுமுறையிலே தனிமையில் இருத்திப் பௌதிகம் கற்பித்தார். இறுதி ஆண்டில் அவ்வகுப்பிலிருந்த மாணவன் லோறன்ஸ் ஒருவனே. ஒரேயொரு மாணவனுக்காக ஒரு வகுப்பை நடத்திய அப்பேராசிரியர் உலகப் புகழ் பெற்றவரல்லர். பெரிய ஆராய்ச்சி எதனையும் வெளியிட்டவருமல்லர். ஆயினும் பிற்காலத்தில் லோறன்சின் அலுவலறைச் சுவரிலே மாபெரும் விஞ்ஞானிகளின் படங்களோடு அவர் படமும் மதிப்புடன் தொங்கியது. ஆசிரியத் தொழிலில் ஈடுபட்ட நமக்கு இச்செய்தி தரும் ஆறுதல் சிறிதன்று.

1922 இற் பட்டம் பெற்ற லோறன்ஸ், மினசோட்டாவிலே பேராசிரியர் சுவான் என்பவரிடம் பயின்று முதுமாணிப் பட்டம் பெற்றார். ஆசிரியர் சிக்காகோவுக்கும் அதன்பின் யேல் சர்வகலாசாலைக்கும் மாறிச் செல்ல, மாணவரும் உடன் சென்றார். 1925 இல் யேலிலே கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே கற்பிக்கலானார். 1928 இற் கலிபோர்ணியாச் சர்வகலாசாலை பேர்க்லி நகருக்கு அவரை அழைத்தது. பழம்பெருமை வாய்ந்த யேலை விட்டு மேற்குக் கரையின் வளரிளங் கலாசாலைக்குப் போவதைப் பலர் பேதைமையென்றனர். அவரோ துணிந்து போனார். இரண்டு ஆண்டுகளில் அங்கே முழுப் பேராசிரியராக உயர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29 தானும் நிரம்பவில்லை.

அக்காலத்து அணு ஆராய்ச்சியின் நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். அணுவின் நடுவே அணுக்கரு உண்டென்பதை 1911 இல் இரதபோட்டுப் பிரபு நிறுவினார். 1919 இல், இரேடியம் போன்ற பொருள்கள் தாமே உமிழும் துணிக்கைகளைக் கொண்டு நைதரசன் கருவைத் தாக்கிப் புரோத்தனை வெளிப்படுத்தினார். ஆயின் இயற்கை அளிக்கும் அத்துணிக்கைகள் தொகையிற் சில. அவற்றின் வேகமும் நம் விருப்பத்துக்கு உட்படுவதன்று. தேங்காயை உடைக்க மரத்திலிருந்து மற்றொரு தேங்காய் விழும்வரை காத்திருந்தாற் போன்ற நிலை அது. கையிலே ஒரு கத்தி வேண்டுமென அறிஞர் யாவரும் ஏங்கினர். அதாவது, துணிக்கைகளைச் செயற்கையாக விரைவுபடுத்தும் கருவி, ஆர்முடுக்கி, வேண்டப்பட்டது. நேர்வழி, பல இலட்சம் உவோற்று மின்னழுத்தத்தை உண்டாக்கி அதனாலே துணிக்கையைத் தள்ளுவதாகும். அத்துணை அழுத்தத்தை எந்தக் கண்ணாடிக் குழாயும் எளிதில் தாங்கவில்லை. மின்பொறி பாய்ந்து கருவிகள் வெடித்துச் சிதறின.

1929 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாள் மாலை, நூல்நிலையத்திலே ஜேர்மன் மொழிச் சஞ்சிகை ஒன்றனை லோறன்ஸ் புரட்டிக்கொண்டிருந்தார். நோர்வே நாட்டுப் பொறியியலாளர் வீடரோ எழுதிய கட்டுரை ஒன்று அதிற் காணப்பட்டது. லோறன்சுக்கு ஜேர்மன் மொழி நன்கு வராது. எனினும் அதிலிருந்த படமே அவருக்குப் போதியதாயிற்று. 25,000 உவோற்று அழுத்தத்தை இருமுறை ஊட்டி, ஒரு துணிக்கைக்கு 50,000 உவோற்றுக்கு ஈடான சக்தியை அளிக்கலாமென அக்கட்டுரை காட்டியது. ஒருமுறை பேரழுத்தத்தாலே தள்ளுவதற்கு மாறாகப் பலமுறை சிற்றழுத்தத்தாலே தள்ளலாம் என்பதே அதன் கருத்து. ஆயின் பன்முறை தள்ளக் குழாய் மிக நீளுமே. அதற்கு என் செய்வது? துணிக்கையின் பாதையைக் காந்தத்தினால் வட்டமாக வளைத்து, ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வரச்செய்தால் என்னவென லோறன்ஸ் எண்ணினார். உடனே கணித்துப் பார்த்தார். வேகம் மிகுந்தோறும் வட்டமும் பெரிதாகின்றது. ஆதலின் ஒருமுறை சுற்றிவரும் நேரம் மாறுவதில்லை. இவ்வியல்பைக் கண்டதும் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

சித்திரைப் புத்தாண்டில் ஊஞ்சலாட்டும் சிறுவரை நாம் அறிவோம். வலிய ஒருவன் ஒரேயடியாக ஊஞ்சலை விண்ணில் எறிவதில்லை. அது திரும்பி வரும் தருணம் பார்த்துச் சிறு சிறு தள்ளலாகத் தள்ள, அது மேன்மேலும் உயர்ந்து செல்கின்றது. ஊஞ்சல் எவ்வளவு உயர்ந்தாலும் திரும்பி வரும் காலம் ஏறக்குறைய ஒன்றே. சைக்கிளோத்திரன் என வழங்கும் லோறன்சின் கருவியின் தத்துவமும் அதுவே. தட்டையான வட்டப் பேணி ஒன்றை நடுவே அறுத்துச் சற்று விலக்கி வைத்தாற் போன்ற இரு உலோகப் பெட்டிகள் வெற்றிடத்தினுள் வைக்கப்படும். மேலும் கீழும் மின்காந்தத்தின் முனைகள் இருக்கும். பெட்டிகளுக்கு இடையேயுள்ள வெளியில் ஆடலழுத்தம் திசைமாறி மாறி இயங்கும். நடுவே விடப்பட்ட துணிக்கை, அவ்வெளியைக் கடக்குந்தோறும் ஒரு தள்ளல் பெற்று, சுருள்வழியே விரிந்து விரிந்து சென்று, விளிம்பை அடையும்போது பெருவேகத்துடன் வெளியேறும்.

1930 இல் எட்லெவ்சன் என்னும் மாணவர் கண்ணாடியும் மெழுகும் கொண்டு முதல் மாதிரியை அமைத்தார். அதன்பின் ஸ்ரான்லி லிவிங்ஸ்ரன் என்னும் மாணவர் அப்பொறுப்பை ஏற்று, நாலரை அங்குல விட்டமுள்ள கருவி ஒன்றைச் செய்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்க அச்சிறு பொருள், 1931 சனவரியில் 2,000 உவோற்றுக்குக் குறைந்த அழுத்தத்தைக் கொண்டே 80,000 உவோற்றுக்கு ஈடான சக்தியைத் துணிக்கைகளுக்கு அளித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 11 அங்குலக் கருவி பத்து இலட்சம் என்னும் எல்லையைத் தாண்டியது. நினைத்தவர் லோறன்ஸ், கைவேலையால் மெய்ப்பித்தவர் லிவிங்ஸ்ரன். ஆசிரியர் பெயர் உலகெங்கும் பரவ, மாணவர் பெயர் பின்னிடத்தே நின்றது என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

1931 இலே சர்வகலாசாலை ஒரு பழைய மரக்கட்டடத்தை லோறன்சுக்கு வழங்கியது. கதிர்வீச்சு ஆய்கூடம் எனப் பெயர் பெற்ற அக்கட்டடம், இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானத்தின் போக்கையே மாற்றிவிட்டது. அதற்கு முன்னர் ஆராய்ச்சி என்பது ஓர் ஆசிரியரும் இரண்டொரு மாணவரும் மேசையொன்றன்மேற் செய்வதாயிருந்தது. லோறன்சோ பௌதிகர், இரசாயனர், பொறியியலாளர், வைத்தியர் ஆகிய பல துறையினரையும் ஒரே கூரையின் கீழ் ஒரு கருவியைச் சூழ நிறுத்தினார். அது பொருளாதாரச் சீர்கேடு மிகுந்த காலம். சம்பளம் இன்றியே இரவுபகலாக உழைக்கப் பல இளைஞர் முன்வந்தனர். தம் வீட்டு வானொலியிலே சைக்கிளோத்திரனின் ஓசையைக் கேட்டு, அது நின்றுவிட்டால் உடனே தொலைபேசியில் அழைத்து லோறன்ஸ் காரணம் வினவுவாரென அவர்தம் மாணாக்கர் கூறுவர். 27 அங்குலம், 37 அங்குலம், 60 அங்குலமெனக் கருவிகள் ஆண்டுக்காண்டு பெருத்தன.

இனி, அவ்விரைவினால் நேர்ந்த இழப்புக்களைக் கூறுவோம். கருவியைப் பெரிதாக்குவதிலே கண்ணாயிருந்தவர்கள் அக்கருவி காட்டியதைக் காணத் தவறினர். 1932 ஏப்ரிலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கொக்குரொவ்ற், உவோல்ற்றன் என்னும் இருவர், லோறன்சின் கருவியினும் குறைந்த சக்தியுள்ள துணிக்கைகளைக் கொண்டு இலிதியக் கருவைப் பிளந்துவிட்டனர். அதே செயலைச் செய்யும் வல்லமை பேர்க்லியிலும் இருந்தது. செய்து பார்த்தவர்தாம் இலர். லோறன்ஸ் தம் திருமணத்தின் பொருட்டுக் கிழக்குக் கரைக்குச் சென்றிருந்த காலத்தில் அச்செய்தி அவருக்கு எட்டியது.

அடுத்த ஆண்டில் வேறோர் இடர் வந்தது. பார ஐதரசன் கருக்களைக் கொண்டு பல்வேறு பொருள்களைத் தாக்கியபோது, எப்பொருளைத் தாக்கினும் ஒரே வகைப் புரோத்தன்கள் வெளிப்பட்டன. ஆதலின் பார ஐதரசன் கருவே உடைகின்றதென லோறன்ஸ் முடிவுகட்டி, 1933 இற் பிரசல்ஸ் நகரிற் கூடிய சொல்வே மாநாட்டில் இரதபோட்டு, சட்விக் முதலிய பெரியோர் முன்னிலையில் வாதிட்டார். அவர்கள் ஐயுற்றனர். உண்மையைத் தெளிவித்தவர் யார்? அண்டை வீட்டுத் தோழர் மேர்ல் ரூவ் அவர்களே! வாஷிங்ரன் நகரத்து ஆய்கூடத்தில் அவர் செய்த கவனமான பரிசோதனைகள், தாக்கப்பட்ட பொருள்களின்மீது பார ஐதரசனே அழுக்காகப் படிந்திருந்ததென்றும், அதிலிருந்தே அப்புரோத்தன்கள் எழுந்தன என்றும் காட்டின. பொது அரங்கில் தாம் நிறுத்திய கொள்கையை லோறன்ஸ் வெளிப்படையாகவே கைவிட்டார். நண்பன் என்பான் புகழ்பவன் மாத்திரமல்லன். பிழைகண்டு திருத்துபவனும் அவனே.

1934 இன் தொடக்கத்தில் மூன்றாவது இழப்பு நேர்ந்தது. சாதாரண பொருள்களையும் கதிர்த்தொழிற்பாடுடையனவாகச் செயற்கையால் ஆக்கலாமெனப் பாரிஸ் நகரில் யோலியோ கியூரித் தம்பதியர் கண்டுபிடித்தனர். பேர்க்லியிலே பல மாதங்களாக அவ்வாறு ஆகிக்கொண்டே இருந்தது. ஆயின் சைக்கிளோத்திரனும், கதிர்களைக் கணிக்கும் கைகர் எண்ணியும் ஒரே ஆளியினால் இயக்கப்பட்டமையால், கருவி நின்ற கணமே எண்ணியும் நின்றுவிட்டது. பாரிஸ் செய்தி வந்ததும் கம்பியிணைப்பை மாற்றி அமைத்தனர். கருவியை நிறுத்திய பின்னரும் எண்ணி இடைவிடாது ஒலித்தது. நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பு ஒன்று அவ்வொலியினூடே கைநழுவிப் போயிருந்ததை அங்கு நின்றோர் யாவரும் உணர்ந்தனர்.

லோறன்ஸ் அயர்ந்துவிட்டாரல்லர். பிறர் கண்ட வழியிலே தம் கருவியின் ஆற்றலைத் திருப்பினார். கதிர்த்தொழிற்பாடுடைய சோடியம், பொசுபரசு, அயடீன் முதலியவற்றை அவர் ஆய்கூடம் வேண்டிய அளவு ஆக்கியளித்தது. வைத்தியரான அவர்தம் இளவல் யோன் லோறன்ஸ், அவற்றை நோய் தீர்க்கப் பயன்படுத்திப் புதியதொரு வைத்தியத் துறைக்கே வித்திட்டார். அன்னையார் புற்றுநோயுற்றபோது, பேர்க்லி அறிஞர் அமைத்த பத்து இலட்சம் உவோற்று எக்ஸ் கதிர்க் கருவியினாற் சிகிச்சை பெற்று, வைத்தியர் குறித்த கெடுவைக் கடந்து பல ஆண்டுகள் வாழ்ந்தார். வைத்தியராக விரும்பிய மைந்தனின் ஆசை வேறொரு வழியில் நிறைவேறியதென்றே நாம் கொள்ளலாம்.

அறிவை ஒளித்து வைக்கும் வழக்கம் அவரிடம் அன்று இருந்ததில்லை. சைக்கிளோத்திரனுக்குரிய காப்புரிமையை ஓர் ஆராய்ச்சி நிதிச் சபைக்கே ஒப்படைத்தார். கேட்டவர்க்கெல்லாம் வரைபடங்களை அனுப்பினார். அவர்தம் ஆய்கூடத்திற் பழைய உலோகத் தகடொன்றைப் பெற்ற இத்தாலிய அறிஞர் சேகிரே, 1937 இற் பலேர்மோ நகரில் அதனைச் சோதித்து, பெரியர் என்பாருடன் கூடி 43 ஆம் மூலகத்தைக் கண்டார். யப்பானிலே நிசினாவும், கல்கத்தாவிலே மேகநாத சாகாவின் மாணவரும் பேர்க்லியின் துணையுடன் சைக்கிளோத்திரன் அமைக்க முற்பட்டனர். 1939 ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபல் பரிசு லோறன்சுக்கு வழங்கப்பட்டது. உலகப் போர் மூண்டமையால் அவர் சுவீடன் செல்லவில்லை. 1940 பெப்ரவரி 29 ஆந் திகதி பேர்க்லியிலேயே பரிசு கையளிக்கப்பட்டது. சில வாரங்களில் றொக்பெல்லர் நிதியம் 184 அங்குலப் பெருங்கருவிக்கு 11 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அளிக்க இசைந்தது.

அதன்பின் போர் வந்தது. நோய் தீர்க்கும் கருவியாயிருந்தது அழிக்கும் கருவிக்குத் துணையாயிற்று. யுரேனியத்தின் இருவகை அணுக்களைக் காந்தத்தாற் பிரிக்கும் முறையை லோறன்ஸ் வகுத்தார். ஓக்றிட்ஜ் என்னுமிடத்திலே பெருந்தொழிற்சாலை எழுந்தது. செம்புத் தட்டுப்பாட்டினால், மின்காந்தச் சுருள்களுக்காக அரசாங்கத் திறைசேரியிலிருந்து 14,000 தொன்னுக்கு மேற்பட்ட வெள்ளி கடனாகப் பெறப்பட்டது. அங்கே பிரிக்கப்பட்ட யுரேனியமே 1945 ஓகஸ்ட் 6 ஆந் திகதி ஹிரோசிமா நகரின்மீது வீழ்ந்த குண்டிலிருந்தது. குண்டை எவ்வாறு பயன்படுத்துவதென ஆலோசனை கூறிய விஞ்ஞானிகள் நால்வருள் லோறன்சும் ஒருவர். நகரின்மீது வீசாமல் பிறிதோரிடத்தில் வெடித்துக் காட்டலாமா என்பதும் அங்கே ஆராயப்பட்டது. இறுதியில், போரில் நேரே பயன்படுத்துவதன்றி வேறு வழி காணவில்லையென நால்வரும் அறிக்கை கொடுத்தனர். பல்லாயிரம் உயிர்கள் ஒருநாளில் மாண்டன. இதனை எழுதும்போது நம் கை கூசுகின்றது. ஆயினும் வாழ்க்கை வரலாறு என்பது துதிப்பாடலன்று; ஒளியையும் நிழலையும் ஒருங்கே காட்டுதலே அதன் கடன்.

போர் முடிந்ததும் 184 அங்குலக் கருவி விஞ்ஞானத்துக்கு மீண்டது. அதற்கு ஒரு தடை இருந்தது. துணிக்கையின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க அதன் திணிவு மிகுகின்றது என்பது ஐன்ஸ்ரைன் கண்ட உண்மை. திணிவு மிகவே சுற்றும் நேரமும் நீளும். தள்ளலின் தாளம் தவறும். ஊஞ்சல் பிந்தி வரும்போது முந்தித் தள்ளினால் என்னாகும்? சோவியத் நாட்டிலே வெக்சிலரும், பேர்க்லியிலே மக்மிலனும், ஒருவர் செய்தியை ஒருவர் அறியாமலே ஒரே விடையைக் கண்டனர். துணிக்கை பிந்துவதற்கேற்ப ஆடலழுத்தத்தின் தாளத்தையும் மெல்லக் குறைத்தல் வேண்டும் என்பதே அது. அம்முறையில் 1946 நவம்பரிற் பெருங்கருவி இயங்கத் தொடங்கியது.

1947 இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிற் பவல் என்பாரும் அவர் குழுவினரும், விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்களிலே பை மேசன் என்னும் புதிய துணிக்கையைக் கண்டனர். அக்குழுவிலிருந்த சேசர் லாற்றேஸ் என்னும் பிறேசில் நாட்டு இளைஞர் 1948 இற் பேர்க்லிக்கு வந்தார். அவருக்கு வயது 23. அங்கே இயூஜின் காட்னர் என்பவர், கருவியினுள் ஒளிப்படத் தட்டுக்களை வைத்து மேசனைத் தேடிக்கொண்டிருந்தார். தட்டுக்களை எங்ஙனம் வைத்துப் பதப்படுத்தி எவ்வாறு நோக்குவதென லாற்றேஸ் அறிவார். வந்த சில வாரங்களிற் பை மேசனின் சுவடுகளை அவர் காட்டினார். மனிதன் அமைத்த கருவியிலே மேசன் பிறப்பது முதன்முதலாக அறியப்பட்டது. கருவி இயங்கத் தொடங்கிய காலந்தொட்டே அவை பிறந்துகொண்டிருந்தன. காணும் கண்தான் இருக்கவில்லை. 1934 இன் பாடமே மீண்டும் வந்தது. காட்னரோ, போர்க்காலத்துப் பணியிற் சுவாசித்த பெரிலியத்தின் நஞ்சினால் நுரையீரல் பழுதுற்று 1950 இற் காலமானார். அறிவுக்கோயிலின் அத்திவாரத்தில் இத்தகையோர் உயிரும் கிடக்கின்றது.

அதே 1950 இல், மின்னேற்றம் இல்லாத பை மேசன் பேர்க்லிக் கருவிகளிலேயே கண்டறியப்பட்டது. அண்டக்கதிர்களுக்காகக் காத்திராமல் ஆர்முடுக்கியிலே முதன்முதற் கண்ட புதுத்துணிக்கை அதுவே எனலாம். அன்று முதல் மலையுச்சியிலும் ஆகாயக் கூண்டிலும் அறிஞர் தேடிய பொருள்கள் ஆய்கூடத்தில் வேண்டியபோது பிறக்கலாயின.

அடுத்து எழுந்தது பெவத்திரன் என்னும் பேரியந்திரம். அதன் காந்தத்தின் நிறை ஏறக்குறைய 10,000 தொன். 1954 இல் அது இயங்கத் தொடங்கி, புரோத்தன்களுக்கு 620 கோடி இலத்திரன் உவோற்றுச் சக்தி அளித்தது. அவ்வளவு ஏன் வேண்டப்பட்டது? ஒவ்வொரு துணிக்கைக்கும் எதிர்த்துணிக்கை ஒன்று உண்டென டிராக்கின் கொள்கை கூறிற்று. இலத்திரனின் எதிரான பொசித்திரன் 1932 இற் காணப்பட்டது. புரோத்தனுக்கும் எதிர் உண்டோ என்பதே கேள்வி. ஓய்விலிருக்கும் புரோத்தனை மற்றொரு புரோத்தன் மோதி, புரோத்தனும் எதிர்ப்புரோத்தனுமாகிய சோடி ஒன்றைப் பிறப்பிக்க 560 கோடி இலத்திரன் உவோற்று வேண்டுமெனக் கணக்கிட்டனர். அதனை மனத்திற்கொண்டே அக்கருவி அளக்கப்பட்டது.

1955 இல் சேகிரே, சேம்பர்லின், வீகாண்ட், இப்சிலான்ரிஸ் என்னும் நால்வர் அத்தேடலை மேற்கொண்டனர். புரோத்தன்கள் செப்புத் துண்டொன்றை மோதும்போது எண்ணிறந்த மேசன்கள் எழும்; பல பதினாயிரம் மேசன்களுக்கிடையே ஓர் எதிர்ப்புரோத்தன் இருக்கலாம். வைக்கோற்போரில் ஊசி தேடுதலினும் அரிய செயல் அது. காந்தங்களினால் ஒரே உந்தமுள்ள மறையேற்றத் துணிக்கைகளைப் பிரித்தெடுத்து, 40 அடித் தூரம் ஓடவிட்டு நேரங் கணித்தனர். ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால், இலேசான மேசன்கள் அவ்வோட்டத்துக்கு 40 கூறு கொண்டன. பாரமான எதிர்ப்புரோத்தன் 51 கூறு கொண்டது. அந்த 11 கூறு வேறுபாட்டிலேதான் புதிய துணிக்கை தன்னை வெளிப்படுத்தியது. விரைந்து வந்த கூட்டத்திற் பிந்தி வந்தவனே தேடப்பட்டவன்! அவ்வாண்டு ஒக்ரோபரிற் செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் எதிர்நியூத்திரனும் அங்கேயே காணப்பட்டது. சேகிரேக்கும் சேம்பர்லினுக்கும் 1959 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனைக் காண லோறன்ஸ் உயிரோடில்லை.

அவர்தம் இறுதி ஆண்டுகள் இன்பமாய்க் கழிந்தனவென்று கூறுதற்கில்லை. ஐதரசன் குண்டை ஆக்க வேண்டுமென அவர் வாதாடினார். 1952 இல் லிவமோர் என்னுமிடத்தில் இரண்டாவது ஆயுத ஆய்கூடம் எழக் காரணராயினார். பேர்க்லி ஆசிரியர்மீது விசுவாசச் சத்தியம் சுமத்தப்பட்ட காலத்தில் நல்லறிஞர் சிலர் வெளியேறினர். அவர் அதனைத் தடுத்தாரல்லர். தம் மைந்தருள் ஒருவருக்குப் பெயராகச் சூட்டுமளவுக்கு அவர் அன்பு பூண்டிருந்த றொபேர்ட் ஒப்பன்ஹைமருடன் மனம் வேறுபட்டார். 1954 இல் ஒப்பன்ஹைமர் விசாரிக்கப்பட்டபோது, எதிராகச் சாட்சி கூற இருந்த லோறன்ஸ் குடல்நோய் மிகுந்து திரும்பிவிட்டார். வரைபடங்களை எவருக்கும் வாரி வழங்கிய கை, மதில்களும் இரகசியங்களும் சூழ்ந்த இடத்திலே கட்டுண்டது.

ஆயினும் அவர்தம் கடைசிப் பயணம் சமாதானத்தின் பொருட்டானது. அணுக்குண்டுச் சோதனைகளைத் தடைசெய்தால் மீறுவோரைக் கண்டுபிடிப்பது எங்ஙனமென ஆராய, 1958 யூலையில் ஜெனீவாவில் இருதரப்பு நிபுணரும் கூடினர். நோயுற்றிருந்தும் அமெரிக்க சனாதிபதி ஐசன்ஹோவரின் வேண்டுகோளை ஏற்று லோறன்ஸ் சென்றார். அங்கே நோய் முற்றவே தாயகம் திரும்பினார். சத்திர சிகிச்சை பலிக்கவில்லை. 1958 ஓகஸ்ட் 27 ஆந் திகதி, தமது 57 ஆம் வயதில் உயிர் நீத்தார். பேர்க்லியில் 1961 இல் ஆக்கப்பட்ட 103 ஆம் மூலகம் லோறன்சியம் எனப் பெயர் பெற்றது.

உள்ளங்கையில் அடங்கிய நாலரை அங்குலக் கருவி, இன்று ஜெனீவாவின் அருகே நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையமாக வளர்ந்திருக்கின்றது. 2012 இல் ஹிக்ஸ் துணிக்கை அங்கேதான் காணப்பட்டது. அவ்வளையத்தினுள்ளும் துணிக்கை சுற்றிவந்து, தாளந் தவறாத சிறு தள்ளல்களையே பெறுகின்றது. பல நாடுகளின் வைத்தியசாலைகளிலே சிறிய சைக்கிளோத்திரன்கள் புற்றுநோயைக் கண்டறிய உதவும் மருந்துகளை நாள்தோறும் ஆக்குகின்றன. ஹிரோசிமாவின் நினைவும் உடன் நிற்கின்றது. இவையெல்லாம் ஒரே மனிதரின் நிழலில் வந்தவை.

மாணவச் செல்வங்களே! கருவி எவ்வளவு பெரிதாயினும், அதன் முன் நிற்பவனின் கவனமே கண்டுபிடிக்கின்றது. எண்ணியை நிறுத்தியவர்கள் இழந்தார்கள். தட்டைக் கூர்ந்து நோக்கிய 23 வயது இளைஞர் கண்டார். நமது கல்லூரி ஆய்கூடத்திலுள்ள எளிய கருவிகளைக் கொண்டும் அக்கவனத்தைப் பழகலாம். பழைய மாணவப் பெரியோர்களே! உங்களுள் வைத்தியரும் பொறியியலாளரும் அதிபதிகளும் பலர். உங்களை உரிய வழியிலே திருப்பிவிட்ட ஓர் ஏக்லி இக்கல்லூரியின் எந்த வகுப்பறையிலோ இருந்திருப்பார். அவர் படத்துக்கு உங்கள் சுவரில் ஓரிடம் கொடுங்கள். நம்மனோராகிய ஆசிரியர், வகுப்பில் ஒரு மாணவனே எஞ்சியிருப்பினும் பாடத்தை நிறுத்தாதிருப்போமாக.